கைக்குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது?
கிராம சபை மக்களுக்கு ஒரு திறந்த மடல்



ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் நீங்கள் கூடுகிறீர்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, ஏரி ஆக்கிரமிப்பு, மதுக்கடை என்று அங்கே எழும் பேச்சு எல்லாம் தேவையான பேச்சுதான். அந்த வரிசையில் இன்னொரு பொருளையும் சேர்க்கும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளை, தாய் வேலைக்குப் போன பிறகு, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்வியை இதுவரை ஒவ்வொரு வீடும் தனித்தனியே சமாளித்து வந்திருக்கிறது. இனி ஊர் பொதுவில் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஊராட்சியிலும் கைக்குழந்தைகளுக்கு ஒரு பகல்நேரக் காப்பகம் வேண்டும். அதற்கு ஆளும் இடமும் நிதியும் ஒதுக்கச் சொல்லி முதல் தீர்மானம் போட வேண்டியவர்கள் நீங்கள்.

குழந்தைகளுக்காக இந்த மாநிலம் செய்திருப்பது கொஞ்சமல்ல. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1972-இல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்தது. அந்தச் சிந்தனையின் வழியில் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்துகொண்டது. மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. பிள்ளை பிறக்கும் வரை அரசு கூடவே வருகிறது. பால்வாடிக்கு நடந்து போகும் வயது வந்ததும் மறுபடி கையைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவில்தான் பள்ளம். அங்கன்வாடியில் உட்கார்ந்து சூடான சோறும் முட்டையும் சாப்பிடுவது இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள். அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலம். மாவில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பொட்டலம் தானாக ஊட்டாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அதற்குப் பிறகு எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை மூன்று நான்கு முறையும் இணை உணவு தர வேண்டும் என்கிறது. இடையில் தாய்ப்பாலும் தொடர வேண்டும். கைக்குழந்தையின் வயிறு சிறியது. பெரியவர்களைப்போல் இரண்டு வேளை வயிறு நிறையத் தின்று நாளை ஓட்ட அதனால் முடியாது. மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆற்றி, மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்து, துப்பினால் துடைத்து மறுபடி ஊட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு நேரமும் வேண்டும். காலை ஏழு மணிக்குக் களையெடுக்கவோ சித்தாள் வேலைக்கோ கம்பெனி வேன் ஏறவோ போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பும் தாயிடம் அந்த நேரம் இல்லை. நம் திட்டங்கள் உணவைத் தந்தன. ஊட்டும் ஆளைத் தரவில்லை.

இதன் விளைவைக் கணக்கெடுப்பிலேயே பார்க்கலாம். 2019-21 காலத்தில் எடுத்த, மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 57.4 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7 ஆக இருந்தது. இவை அனைத்துக்கும் காப்பகம் இல்லாமையே காரணம் என்று நான் சொல்லவில்லை. தாயின் இரத்தசோகை, சுத்தமில்லாத தண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, வருமானக் குறைவு என்று காரணங்கள் பல. ஆனால் உயரம் தடைபடுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் என்பது குழந்தைநல மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. அப்போது இழந்ததை மூன்று வயதில் முட்டை கொடுத்து முழுவதும் மீட்க முடிவதில்லை. மாநிலம் அதிகம் செலவிடும் வயதும் குழந்தை அதிகம் இழக்கும் வயதும் வேறுவேறாக இருக்கின்றன.

சட்டம் இந்தத் தாய்மாரை மறந்துவிட்டதா என்றால், பாதி மறந்திருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பதால் அது நமக்கு மிகவும் தேவையான சட்டம். ஆனால் வயலில் நடவு நடும் பெண்ணுக்கும், வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்ணுக்கும், செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கும் அது எட்டாது. கிராமத்துப் பெண்ணை நினைத்து எழுதிய விதியும் ஒன்று உண்டு. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தின் வேலைநாட்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு பெண்களுடையதாக இருந்தது. அப்படியானால் அந்த விதி இங்கே ஏரிக்கரைதோறும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது எத்தனை நாள் நடைமுறையில் இருந்தது என்பதை உங்கள் கிராம சபையிலேயே கேட்டுப் பாருங்கள். மரக்கிளைத் தூளியும் பக்கத்தில் நின்று ஆட்டும் அக்காளும்தான் பல ஊர்களில் நடைமுறைக் காப்பகம். அந்த அக்காளுக்கு வயது பெரும்பாலும் பள்ளிக்கூட வயது.

கைக்குழந்தைகளை ஊர் சேர்ந்து பார்த்துக்கொண்டால் பலன் உண்டா? சான்று இருக்கிறது. முதல் சான்று நம்முடையதே. 1980-இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், சத்துணவைப்போல் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளாமல் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளைக் குறிவைத்தது. ஊர்ப் பெண் ஒருவரே பணியாளர். மாதந்தோறும் எடை போட்டார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தார். தாய்மாரைக் குழுவாகக் கூட்டிப் பேசினார். கடுமையான ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்தது. ஆனால் நடுத்தர ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற மாத எடையும் ஒரு வேளை உணவும் உதவும். ஒவ்வொரு நாளும் நாள் முழுவதும் நடக்க வேண்டிய கவனிப்புக்கு அவை ஈடாகா என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். இரண்டாவது சான்று சத்தீஸ்கரில். பிலாஸ்பூர் வட்டாரத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் அமைப்பு, காட்டுக்கும் வயலுக்கும் போகும் பழங்குடித் தாய்மாரின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ‘புல்வாரி’ என்ற சிறு காப்பகங்களை ஊர்தோறும் தொடங்கியது. நடத்துபவர் அந்த ஊர்ப் பெண். பிறகு மாநில அரசே அந்த முறையைச் சில மாவட்டங்களில் எடுத்துக்கொண்டது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் குழுக் கூட்டம், வீட்டுச் சந்திப்பு ஆகியவற்றோடு காப்பகமும் இருந்த ஊர்களில் குழந்தைகளின் எடைக்குறைவு கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. கர்நாடகம் 2023-24 நிதிநிலை அறிக்கையில் 4,000 ஊராட்சிகளில் ‘கூசின மனே’ என்ற பெயரில் காப்பகம் திறப்பதாக அறிவித்தது. அது நம் பக்கத்து மாநிலம். எங்கோ தொலைவில் நடக்கும் ஆடம்பரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

இதை அரசு செய்யட்டுமே, ஊர் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். அரசு செய்ய வேண்டியதுதான். அரசமைப்பின் 45-ஆவது பிரிவு, 2002-இல் திருத்தப்பட்ட பிறகு, ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் ‘முயல வேண்டும்’ என்ற கடமைக்காக யாரும் நீதிமன்றம் போக முடியாது. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கச் சொல்கிறது. நாடு முழுவதற்கும் அதன் இலக்கு 17,000. நாட்டில் இருக்கும் அங்கன்வாடிகளோ ஏறக்குறைய 14 லட்சம். எண்பதில் ஒன்றுக்கு வரும் திட்டம் கேட்காத ஊருக்கு வராது. கேட்டால் வரும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அதைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊர் கேட்பதே திட்டத்துக்குத் தொடக்கம் என்று நீதிமன்றம் வைத்தது. அரசமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 29 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. அதில் 25-ஆவது, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. கேரளத்தில் 1990-களிலேயே அங்கன்வாடிகள் உள்ளாட்சிகளின் பொறுப்புக்குள் வந்தன. கட்டடம், கூடுதல் உணவு, கூடுதல் மதிப்பூதியம் என்று ஊராட்சிகள் தம் திட்ட நிதியிலிருந்து செலவிட்டன. இங்கே அங்கன்வாடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு ஊராட்சியின் உறவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். குழந்தையைத் தாயும் பாட்டியும் வளர்ப்பதுதானே நம் வழக்கம், காப்பகம் நகரத்துப் பழக்கம் அல்லவா என்பது முதல் வாதம். பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டியே பார்க்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்தும் பேச்சே இல்லை. ஆனால் நூறு நாள் வேலையின் பதிவேட்டைப் புரட்டினால் பாட்டிமாரின் பெயர் அங்கேயும் இருக்கும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணும் கூலிக்குப் போகும் ஊரில், பாட்டி என்பவர் செலவில்லாமல் எப்போதும் கிடைக்கும் ஆள் என்று கணக்குப் போடுவது அவர் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே. தாய் வீட்டிலேயே இருக்கட்டும் என்பவர்கள், அவள் விட்டுவிடும் கூலியை யார் தருவது என்பதையும் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கெடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் காப்பகம் வீட்டுக்கோ வேலை நடக்கும் இடத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடிகிற காப்பகம், பாலூட்டலை நீட்டிக்கவே செய்யும். காலையில் விட்டு மாலையில் வரும் இப்போதைய ஏற்பாட்டில்தான் தாய்ப்பால் சீக்கிரம் நிற்கிறது.

பால்வாடி இருக்கிறதே, அங்கேயே விட்டுவிடலாமே என்பது இரண்டாவது வாதம். இடத்தைப் பகிரலாம், ஆளைப் பகிர முடியாது. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும், சமையல், முன்பருவக் கல்வி, எடை, தடுப்பூசி நாள், வீட்டுச் சந்திப்பு, பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு என்று ஏற்கெனவே நிறையச் சுமக்கிறார்கள். பல இடங்களில் ஒருவரே இரண்டு மையம் பார்க்கிறார். அவர்கள் தலையில் எட்டு மாதக் குழந்தைகளையும் ஏற்றினால் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் கவனிப்பு போகும். காப்பகத்துக்குத் தனி ஆள் வேண்டும். எட்டுப் பத்துக் குழந்தைக்கு ஒருவர் இருப்பது நல்லது. அந்த வேலையைச் சேவை என்று புகழ்ந்து கூலியைக் குறைக்கும் வழக்கமும் இங்கே தொடரக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டு கழித்து. புதிதாகத் தொடங்கும் காப்பகமும் அதே தவற்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாரையும் அமர்த்தக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, பணம். ஒரு காப்பகத்தின் பெரும்செலவு கூலிதான். இடம், பாய், தொட்டில், அடுப்பு, பாத்திரம் ஆகியவை ஒருமுறைச் செலவு. மாவு ஏற்கெனவே ஒவ்வொரு குழந்தையின் பேரிலும் வருகிறது. இருக்கும் பங்கை ஊட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். முட்டை, பருப்பு, கீரை, எண்ணெய் கூடுதல். நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டாயமாக ஒதுக்கியது போக, ஊராட்சி தன் தேவைக்குச் செலவிடும் பகுதி ஒன்று உண்டு. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் குழந்தைநேய ஊராட்சி என்ற தலைப்பும் இருக்கிறது. பால்னா போன்ற திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்கின்றன. சிறிய, வருவாய் இல்லாத ஊராட்சியால் தனியாக முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தீர்மானம் மாவட்ட ஆட்சியருக்கும் சமூக நலத் துறைக்கும் போக வேண்டும், பத்து ஊராட்சிகள் சேர்ந்து கேட்க வேண்டும். செலவே இல்லாமல் இப்போது ஓடுகிறது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் தாய், பள்ளியை விட்ட அக்காள், மருத்துவமனைக்கு அலையும் குடும்பம் ஆகியோர் அந்தச் செலவை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். ஏழை வீட்டுக் கணக்கில் எழுதப்படுவதால் அது ஊராட்சிக் கணக்கில் தெரியவில்லை.

நான்காவதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளையோடு யார் வீட்டுப் பிள்ளை படுப்பது, யார் கையால் ஊட்டுவது என்ற கேள்வி அது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் எதிர்த்ததை நாடே பார்த்தது. மடியில் வைத்து ஊட்டும் காப்பகத்தில் இந்த எதிர்ப்பு இன்னும் கூர்மையாக வரும். அதற்குப் பயந்து தெருவுக்கு ஒரு காப்பகம் என்று பிரித்தால், ஊர்ப் பணத்தில் தீண்டாமைக்குப் புதுக் கட்டடம் கட்டியதாகும். காப்பகம் எந்தத் தெருவில் இருக்கிறது, பணியாளர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதில் ஊராட்சி உறுதியாக நிற்க வேண்டும். ஒரு வீடு குழந்தையை அனுப்ப மறுத்தால் அது அந்த வீட்டின் இழப்பு. இதே இடத்தில் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து தங்கும் குடும்பங்களையும் நினைக்க வேண்டும். அவர்களுக்கு இந்த ஊரில் பாட்டி கிடையாது, வாக்கும் கிடையாது. காப்பகம் மற்ற எல்லோருக்கும் முன்னால் அவர்கள் குழந்தைக்குத் தேவை.

பாதுகாப்புக் குறித்த கவலையை எதிர்வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நிபந்தனையாகவே ஏற்கிறேன். தரமில்லாத காப்பகம் வீட்டைவிட மோசம். கிணறும் சாலையும் இல்லாத பக்கம், காற்றோட்டமுள்ள அறை, கொதிக்கவைத்த தண்ணீர், கைகழுவ சோப்பு, கிராம சுகாதாரச் செவிலியரின் மாதாந்திர வருகை, எடைப் பதிவேடு, எந்தத் தாயும் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கும் உரிமை ஆகியவை இல்லாமல் திறக்கக் கூடாது. மேற்பார்வையை அதிகாரியிடம் மட்டும் விடாமல், குழந்தையை விடும் தாய்மாரின் குழுவிடம் தர வேண்டும். கணக்கும் எடைப் பதிவும் ஆண்டுக்கு ஆறு முறை உங்கள் முன் வாசிக்கப்பட வேண்டும். சாலைப் பணிக் கணக்கைக் கேட்கும் சபை இதையும் கேட்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களை வைத்து, ஊரிலும் ஊருக்கு வெளியே சூளையிலும் கொட்டகையிலும் இருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எண்ணுங்கள்; அவர்களைப் பகலில் யார் பார்க்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களைப் பட்டியலிடுங்கள். பிறகு சபையில் எழுந்து, இந்த ஊருக்குக் கைக்குழந்தைகள் காப்பகம் வேண்டும், இடத்தை ஊராட்சி தரும், கூலிக்கும் உணவுக்கும் அரசு பங்கு தர வேண்டும் என்று தீர்மானம் முன்மொழியுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். கிராம சபையில் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். இரண்டு வயதுக் குழந்தைக்கு அங்கே இடமில்லை. அதன் சார்பில் நீங்கள்தான் பேச வேண்டும்.